பால் குடித்தால் வயிறு உப்புகிறதே, எடையும் கூடுமா?

காலையில் ஒரு தம்ளர் பால் குடித்தால் சிலருக்கு மதியத்துக்குள் பெல்ட் இறுக்குகிறது. கொழுப்பு அத்தனை வேகமாகச் சேராது. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி, குழந்தைப் பருவத்துக்குப் பின் பலருக்கும் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. இந்த உப்பல் அழற்சி அல்ல, கொழுப்பும் அல்ல. தயிரில் லாக்டோஸ் குறைவு. அதனால் இவர்களில் பலருக்கு மோர்சாதம் ஒன்றும் செய்யாது.

உண்மையான அழற்சி சீலியாக் நோயில் இருக்கிறது. கோதுமையின் குளூட்டனால் தூண்டப்பட்ட நோயெதிர்ப்பு மண்டலம் சிறுகுடலையே தாக்க, சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தட்டையாகின்றன. பலர் இளைத்துத்தான் போகிறார்கள்! குளூட்டனை விட்டால் எடை குறையும் என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

எடைக்கும் அழற்சிக்கும் உறவு உண்டு. ஆனால் நன்கு நிறுவப்பட்ட பாதை அழற்சியிலிருந்து எடைக்கு அல்ல, எடையிலிருந்து அழற்சிக்கு ஓடுகிறது. கொழுப்புச் செல்கள் பெருத்தால் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் அங்கே குவிகின்றன. டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் புரதங்கள் சுரந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. பருத்த எலிகளின் கொழுப்பில் டிஎன்எஃப்-ஆல்ஃபா மிகுந்திருப்பதை ஆய்வாளர் ஹோத்தமிஸ்லிகில் குழுவினர் 1993-இல் காட்டினார்கள்.

‘உணவு ஒவ்வாமை’ கண்டுபிடிப்பதாக விற்கப்படும் ஐஜிஜி (ஒருவகை எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனை, பெரும்பாலும் நீங்கள் எதைச் சாப்பிட்டீர்கள் என்பதையே காட்டும். அதை நம்பிப் பாலையும் பருப்பையும் நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.