குருதியணு மிகைப்பு நோய் மருத்துவத்தில் பாசுபரசு-32
பாலிசைத்தீமியா வெரா எனும் நோயில் எலும்பு மச்சை செங்குருதியணுக்களைக் கட்டுப்பாடின்றிப் பெருக்குகிறது. தடித்த குருதி உறைந்து நாளங்களை அடைக்கிறது. பெர்க்லியில் ஜான் லாரன்சு, சைக்ளோட்ரானில் உருவாக்கப்பட்ட பாசுபரசு-32ஐ 1930களின் பிற்பகுதியில் இந்நோய்க்குப் பயன்படுத்தினார். எலும்பும் விரைந்து பிரியும் உயிரணுக்களும் பாசுபேட்டை மிகுதியாக ஏற்பதால், மருந்து தானே மச்சையைச் சென்றடைகிறது. அதன் பீட்டாத் துகள்கள் திசுவில் சில மில்லிமீட்டரே ஊடுருவும். அரைவாழ்வுக் காலம் 14.3 நாள். ஒரே ஊசியில் பல மாதங்கள் குருதியளவு சீர்பட்டமையே இம்முறையின் பெருங்கவர்ச்சி. ஆயின் அக்கவர்ச்சிக்கு விலையும் இருந்தது. 1967இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வுக்குழு நோயாளிகளை நெடுங்காலம் கண்காணித்தபோது, குருதி வடித்தல் மட்டும் பெற்றோரைவிடக் கதிர்மருந்து பெற்றோரிடம் கடும் வெண்குருதிப் புற்று மிகுதியாகத் தோன்றியது. மச்சையை அடக்கிய அதே கதிர் அதன் மரபுப்பொருளையும் சிதைத்திருந்தது. எனவே இன்று ஐட்ராக்சியூரியாவே முன்னிற்க, அன்றாட மாத்திரையும் தொடர் பரிசோதனையும் இயலாத முதியோர்க்கு மட்டுமே பாசுபரசு-32 அரிதாகக் கருதப்படுகிறது.