நன்கொடைப் பல் மருத்துவச் சேவைகள்

நன்கொடைப் பல் மருத்துவச் சேவைகள் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கட்டணம் செலுத்த இயலாத மாற்றுத்திறனாளிகள், முதியோர், கடும் நோயுற்றோர் ஆகியோருக்குத் தன்னார்வப் பல் மருத்துவர்கள் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் திட்டம் ஆகும். ஆங்கிலத்தில் டொனேட்டட் டென்டல் சர்வீசஸ் என அழைக்கப்படும் இத்திட்டத்தை, கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டென்டல் லைஃப்லைன் நெட்வொர்க் என்னும் இலாப நோக்கற்ற நிறுவனம் நடத்துகிறது.

பின்னணி

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோருக்கும், குறிப்பிட்ட தகுதியுடைய மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய அரசு மருத்துவக் காப்பீடு மெடிக்கேர் ஆகும். 1965 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இதன் சட்டம், பல் சிகிச்சையைப் பெரும்பாலும் விலக்கிவிட்டது. பல்லைச் சுத்தம் செய்தல், சொத்தை அடைத்தல், பல் பிடுங்குதல், செயற்கைப் பல் பொருத்துதல் ஆகியவை இதில் அடங்கா.

வருவாய் குறைந்தோருக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில், குழந்தைகளுக்குப் பல் சிகிச்சை அளிப்பது மாநிலங்களின் கடமை. பெரியவர்களுக்கு அளிப்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம். எனவே, பிறவியிலேயே குறைபாடுள்ள ஒருவர் வயது வந்தவுடன், அவரது தேவை மாறாதபோதும், பல் சிகிச்சைக்கான காப்பீட்டை இழக்க நேரிடலாம்.

வரலாறு

தாய் நிறுவனம் 1974 ஆம் ஆண்டு, மாற்றுத்திறனாளிகளின் பல் நலத்துக்கான தேசிய அறக்கட்டளையாகத் தொடங்கப்பட்டது. தற்போதைய பெயர் பின்னர் சூட்டப்பட்டது. நன்கொடைப் பல் மருத்துவச் சேவைகள் 1985 ஆம் ஆண்டு கொலராடோவில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவியது. 10,000-க்கும் மேற்பட்ட பல் மருத்துவர்கள் இதில் பங்கேற்றுள்ளனர்.

செயல்படும் முறை

இத்திட்டத்துக்கெனத் தனி மருத்துவமனை இல்லை. தன்னார்வ மருத்துவர் தமது சொந்த மருத்துவமனையில், தமது கருவிகளையும் பணியாளர்களையும் கொண்டே சிகிச்சை அளிக்கிறார்.

மருத்துவரையும் நோயாளியையும் இணைப்பவர் ஒருங்கிணைப்பாளர். விண்ணப்பதாரரின் வருவாய், உடல்நிலை முதலியவற்றைச் சரிபார்த்தல், அருகிலுள்ள மருத்துவரைத் தேடுதல், நோயாளி குறித்த நேரத்தில் வர உதவுதல் ஆகியவை இவரது பணிகள். இதனால் மருத்துவர் சிகிச்சையில் மட்டும் கவனம் செலுத்த முடிகிறது. எந்த நோயாளியை ஏற்பது, எவ்வகைச் சிகிச்சை அளிப்பது என்பவற்றை அவரே முடிவு செய்கிறார்.

செயற்கைப் பற்களையும் பல் உறைகளையும் செய்து தரும் பல் ஆய்வுகூடங்களும் தமது உழைப்பை நன்கொடையாக வழங்குகின்றன.

முகாம்களிலிருந்து வேறுபாடு

ஓரிரு நாள் நடைபெறும் இலவச முகாம்களில் பல் பிடுங்குதல், சொத்தை அடைத்தல் போன்ற சிகிச்சைகளையே பெரும்பாலும் அளிக்க இயலும். முழுச் செயற்கைப் பல்வரிசைக்கு அளவெடுத்தல், கடிப்பின் நிலையைப் பதிதல், மெழுகில் அமைத்து ஒத்துப் பார்த்தல், பொருத்துதல், உறுத்தும் இடங்களைச் சீர்செய்தல் எனப் பல அமர்வுகள் தேவை. பற்களை இழந்த முதியவர் மீண்டும் மென்று உண்ண இத்தகைய தொடர் சிகிச்சை அவசியம்.

வாய் நலமும் உடல் நலமும்

முதியோர் உட்கொள்ளும் பல மருந்துகள் உமிழ்நீரைக் குறைப்பதால் பற்சொத்தை விரைவாகப் பரவுகிறது. வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாய்ன் மருந்து ஈறுகளைத் தடிக்கச் செய்யலாம். டவுன் நோய்க்கூட்டறிகுறி உடையோருக்கு ஈறு நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. கைகளை இயக்க முடியாதோர் பல் துலக்கவே பிறரைச் சார்ந்துள்ளனர்.

உறுப்பு மாற்றம், இதய வால்வு மாற்றம் போன்ற அறுவைச் சிகிச்சைகளுக்கு முன் வாயில் நோய்த்தொற்று இல்லை எனப் பல் மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும் என மருத்துவமனைகள் கோருவது வழக்கம். பல் சிகிச்சைக்குப் பணம் இல்லாதவருக்கு, காப்பீடு ஏற்கும் பெரிய அறுவைச் சிகிச்சையும் தள்ளிப்போகக்கூடும். 2023 முதல் இத்தகைய அறுவைச் சிகிச்சைகளுடன் நேரடித் தொடர்புடைய பல் சிகிச்சைக்கு மெடிக்கேர் பணம் செலுத்துகிறது. வழக்கமான பல் பராமரிப்பு மீதான விலக்கு நீடிக்கிறது.

வரம்புகள்

விண்ணப்பிப்போரின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவர்கள் இல்லாததால் காத்திருப்புக் காலம் நீள்கிறது. சில பகுதிகளில் புதிய விண்ணப்பங்கள் ஏற்கப்படுவதில்லை. திடீர் வலிக்கான அவசரச் சிகிச்சைக்கும், அழகுக்காகச் செய்யப்படும் சிகிச்சைக்கும் இத்திட்டம் உரியதன்று.

சிகிச்சை பொதுவாக ஒரு முறை மட்டுமே வழங்கப்படுகிறது. ஆனால், சீரமைக்கப்பட்ட வாய்க்கும் தொடர் பராமரிப்பு தேவை. அதற்கான செலவு மீண்டும் நோயாளியையே சேர்கிறது. காப்பீட்டுச் சட்டம் விட்ட இடைவெளியின் ஒரு பகுதியையே தன்னார்வப் பணியால் நிரப்ப முடிகிறது.