நுழைவு இலவசம்... ஆனா போய்ச் சேர முடியுமா? பிரஸ்ஸல்ஸ் ஓப்பன் சோர்ஸ் மாநாடும் தன்னார்வலர்களின் 47 நாள் கணக்கும்!

டிக்கெட் கிடையாது. முன்பதிவு கிடையாது. வாசலில் யாரும் பெயர்கூட கேட்க மாட்டார்கள். பல ஆயிரம் பேர் கூடும் சர்வதேச மாநாடு இப்படியும் நடக்குமா? நடக்கிறது. பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரி தொடக்கத்தில், ஒரு சனி, ஞாயிறில் நடக்கும் ஃபாஸ்டெம் மாநாடுதான் அது. 2000-ம் ஆண்டில் தொடங்கிய இந்த மாநாடு, 2026-ல் ஜனவரி 31, பிப்ரவரி 1 தேதிகளுக்குக் குறிக்கப்பட்டது. இடம், அங்குள்ள யுஎல்பி பல்கலைக்கழகத்தின் சொல்போஷ் வளாகம்.

யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று மூலநிரலைத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்களைத்தான் ஓப்பன் சோர்ஸ் என்கிறோம். அவற்றை உருவாக்குபவர்களில் கணிசமானோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பகலில் வேறு வேலை, இரவில் கோடிங். இப்படிப்பட்டவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நேரில் கூடும் இடம் இது. ஆனால், இலவசம் என்பது வாசலில் மட்டும்தான். ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கும் ஒருவர் அந்த வாசல் வரை போய்ச் சேர்வது தனிக்கதை.

ஆன்லைனிலேயே வேலை பார்ப்பவர்கள் ஏன் நேரில் சந்திக்கணும்?

நியாயமான கேள்விதான். இதற்கு 2024 மார்ச் மாதம் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரத்தைப் பார்க்கலாம். லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் சின்ன மென்பொருள் அது. ஃபின்லாந்தைச் சேர்ந்த ஒருவர் சம்பளமே இல்லாமல் பல ஆண்டுகள் பராமரித்து வந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைப் பெற்றார். கடைசியில், கணினிகளுக்குள் ரகசியமாக நுழைவதற்கான பின்வாசலை அதில் ஒளித்து வைத்துவிட்டார். தொலைவிலிருந்து கணினியில் நுழைவது வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். ஜியா டான் யார் என்பது வெளிச்சத்துக்கு வரவே இல்லை.

நேரில் பார்த்திருந்தால் மட்டும் தடுத்திருக்க முடியுமா என்றால், உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், தனியாளாகச் சுமந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு நம்பிக்கையான கை கிடைப்பது இதுபோன்ற சந்திப்புகளில்தான்.

1993-ல் தொடங்கப்பட்ட டெபியன் இயக்குதளத் திட்டத்தில் இது நடைமுறையாகவே இருக்கிறது. அதில் முழு உரிமையுள்ள உறுப்பினராக வேண்டுமானால், உங்கள் டிஜிட்டல் சாவியை ஏற்கெனவே உள்ள உறுப்பினர்கள் கையொப்பமிட்டு உறுதி செய்ய வேண்டும். வழக்கமாக நேரில் சந்தித்து, பாஸ்போர்ட் போன்ற அடையாள அட்டையைச் சரிபார்த்த பிறகே கையொப்பம் போடுவார்கள். யாரையும் சந்திக்க வழியில்லாத ஊரில் இருப்பவருக்கு இந்தப் படியே பெரிய மலை!

பேச வாய்ப்பு எப்படிக் கிடைக்கும்?

ஃபாஸ்டெம் மேடையைப் பிரபலங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கவில்லை. 'டெவ்ரூம்' எனப்படும் சிறு அரங்குகள் டஜன் கணக்கில் உண்டு. தரவுத்தளத்துக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, மொழிபெயர்ப்புக்கு ஒன்று என ஒவ்வொன்றையும் அந்தந்தத் துறைத் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். யார் பேசுவது என்று முடிவு செய்வதும் அவர்கள்தான்.

இலையுதிர் காலத்தில் டெவ்ரூம்கள் முடிவாகும். அதன்பிறகு பேச்சுக்கான அழைப்பு வரும். தலைப்பு, சில பத்திகளில் சுருக்கம், இவற்றை பிரீடால்க்ஸ் என்ற தளத்தில் ஏற்ற வேண்டும் (அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான்). பல அரங்குகளில் டிசம்பர் தொடக்கம் வரை நேரம் இருக்கும். பேச்சு 20, 30 நிமிடம்தான், கேள்வி நேரமும் அதற்குள்ளேயே. அதனால் 'எங்கள் திட்டத்தின் வரலாறு' என்று ஆரம்பித்தால் அரங்கம் காலியாகிவிடும். 'இந்த இடத்தில் இப்படி உடைஞ்சது, இப்படிச் சரி பண்ணோம்' என்று சொல்பவருக்குத்தான் மவுசு. பேச்சு வீடியோவாகப் பதிவாகி, யாரும் பகிரக்கூடிய உரிமத்தில் வெளியாகும்.

இங்கேதான் சிக்கல்!

பேச்சு அட்டவணை பெரும்பாலும் டிசம்பர் நடுவில்தான் முடிவாகும். டிசம்பர் 15-ம் தேதி 'உங்கள் பேச்சு தேர்வாகிவிட்டது' என்று மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 31-க்கு இருப்பது 47 நாட்கள். நடுவில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை வேறு.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். வழக்கமாக 15 நாளில் முடிவு தெரியும். கூடுதல் பரிசீலனைக்குப் போனால் 45 நாள் வரை ஆகலாம். 47-ல் 45 போனால் மிச்சம் இரண்டே நாள்! அதுவும் தேர்வான அன்றே விண்ணப்பம் கொடுத்திருந்தால். நேர்காணலுக்கு நாள் கிடைக்கத் தாமதமானால் இந்தக் கணக்கும் போச்சு.

சரி, தேர்வாவதற்கு முன்பே விண்ணப்பித்தால்? செய்யலாம். ஆனால், பெரியவர்களுக்கான விசா கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. நிராகரித்தால் கட்டணம் திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், அலுவலகத்தில் விடுப்புக் கடிதம், தங்குமிட ஆதாரம் என்று பட்டியல் நீளும். வேடிக்கை என்னவென்றால், டிக்கெட்டே இல்லாத மாநாடு என்ற அந்தப் பெருமையே இங்கே பாதகமாகிவிடுகிறது. பேச்சாளருக்காவது அட்டவணையில் பெயர் இருக்கிறது. சும்மா கேட்கப் போகிறவர், விசா அதிகாரியிடம் எந்த டிக்கெட்டைக் காட்டுவார்?

செலவுக்கு யார் பணம் தருவாங்க?

பிரதான அரங்கில் பேசுபவர்களுக்கு, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நியாயமான பயணச் செலவை ஃபாஸ்டெம் ஏற்பது வழக்கம். டெவ்ரூம் பேச்சாளர்கள் பொதுவாக சொந்தப் பணத்திலோ, வேலை பார்க்கும் நிறுவனத்தின் தயவிலோ, தங்கள் திட்டத்துக்கு வந்த நன்கொடையிலோதான் போக வேண்டும்.

டெபியன் திட்டத்தின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃப் இதை வேறு மாதிரி கையாள்கிறது. பயணம், தங்குமிடம், சாப்பாடு என நன்கொடைப் பணத்தில் உதவித்தொகை தருகிறார்கள். திட்டத்துக்கு என்ன செய்திருக்கிறீர்கள், உதவி இல்லாவிட்டால் வர முடியுமா என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். அதோடு, மாநாட்டையே வருடத்துக்கு ஒரு நாடு என மாற்றுகிறார்கள். 2022-ல் கொசோவோவின் பிரிஸ்ரன், 2023-ல் நம்ம கொச்சி, 2024-ல் தென்கொரியாவின் பூசான், 2025-ல் பிரான்சின் பிரெஸ்ட். கொச்சியில் நடந்தபோது இந்தியத் தன்னார்வலர்களுக்கு விசா கவலையே இல்லை, ரயில் ஏறினால் போதும். அந்த முறை விசாவுக்கு அலைய வேண்டியிருந்தது வெளிநாட்டவர்கள்!

போய்ச் சேர்ந்துட்டா?

குளிருக்குக் கனமான ஸ்வெட்டர் கட்டாயம். விரும்பிய பேச்சுக்குக் கொஞ்சம் முன்னாடியே போய் உட்கார்ந்துவிடுவது நல்லது, ஏனென்றால் அரங்கம் நிரம்பியதும் கதவில் 'இடமில்லை' அறிவிப்பு தொங்கிவிடும். பழைய ஐபிவி4 முகவரி முறையிலேயே இருக்கும் லேப்டாப்களுக்குத் தனி வைஃபை உண்டு. அதற்கு 'பழங்காலம்' என்று பொருள்படும் பெயரை வைத்துக் கிண்டல் செய்திருக்கிறார்கள்! கேமரா இயக்குவது, பேச்சாளரை அறிமுகம் செய்வது, ஞாயிறு மாலை குப்பை அள்ளி வளாகத்தைத் திருப்பிக் கொடுப்பது எல்லாமே தன்னார்வலர்கள்தான். புதிதாகப் போகிறவர் இதில் ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டால் பத்து பேரோடு பழகிவிடலாம். பேச்சு கேட்பதைவிட இது பலன் தரும்.

விசா கிடைக்கலையா?

பேச்சுகள் நேரலையில் ஒளிபரப்பாகின்றன. பின்னர் பதிவுகளும் கிடைக்கும். ஆனால் மேடையில் நிற்கும் அனுபவமோ, கையொப்பமோ நேரலையில் கிடைக்காது. அதற்குப் பக்கத்திலேயே வாய்ப்புகள் உண்டு. பெங்களூருவில் இந்தியாஃபாஸ் மாநாடு நடக்கிறது. டெபியன் குழுவினர் 'மினி டெப்கான்ஃப்' என்ற பெயரில் சிறு மாநாடுகளை நடத்துகிறார்கள். 2023 ஜனவரியில் அப்படி ஒன்று நடந்த இடம், விழுப்புரம்.