உப்போடு சேர்ந்த சர்க்கரை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கத்திலும், பாலம் தாண்டித் திருச்சியிலும், பேதி கண்ட வீட்டில் இரண்டு பேச்சு எழுவது வழக்கம். ‘தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்’ என்பது ஒன்று. ‘ஒரு பாட்டில் ஏத்திட்டு வந்துடலாம்’ என்பது மற்றொன்று. பேதியில் குடல் மொத்தமாகப் பழுதாகிவிட்டது என்ற நினைப்புதான் இரண்டுக்கும் அடிப்படை. அது தவறு. உதாரணத்துக்கு, காலராக் கிருமியின் நஞ்சு, சிறுகுடல் செல்களை ஓயாமல் குளோரைடை வெளியேற்ற வைக்கிறது; சோடியமும் நீரும் கூடவே போகின்றன. உப்பு உள்ளே வரும் வழக்கமான பாதையும் அடைபடுகிறது. ஆனால் ஒரு வாசல் மட்டும் அடைபடுவதில்லை. அங்கே இருக்கும் ஒரு புரதம், ஒரு குளுக்கோஸையும் இரண்டு சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கும். தனித்தனியே வந்தால் எடுக்காது. தண்ணீரை இழுக்கக் குடலில் தனிப் பம்பு கிடையாது. உப்பும் சர்க்கரையும் போகிற பக்கம் அதுவும் போகும். இந்த இணைப்பை 1960-இல் பிராகா நகரில் எடுத்துச் சொன்னவர் விஞ்ஞானி ராபர்ட் கிரேன்.

ஆய்வுக்கூடத்து உண்மை உயிர் காக்குமா என்ற சந்தேகத்துக்கு 1971-இல் பதில் கிடைத்தது. வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை (ஓ.ஆர்.எஸ்.) குடிக்கவே கொடுத்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது.

‘குடித்தும் பேதி நிற்கவில்லையே’ என்பார்கள். உண்மைதான்; கரைசல் பேதியை நிறுத்துவதில்லை, இழந்ததை ஈடுகட்டுகிறது. சோர்ந்து மயங்கியவருக்கும் குடிக்கவே முடியாதவருக்கும் பாட்டில்தான் வேண்டும், சந்தேகமில்லை. மற்றவர்களுக்கு வாய்வழியே போதும். அப்படியானால் இனிப்பைக் கூட்டினால் நல்லதா? அங்கேதான் ஆபத்து. மிஞ்சிய சர்க்கரை குடலிலேயே தங்கி, உடம்பின் நீரை வெளியே இழுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் கரைசலின் அடர்த்தியை லிட்டருக்கு 311 மில்லிஆஸ்மோலிலிருந்து 245-ஆகக் குறைத்தது இதனால்தான். சர்க்கரை மிகுந்த பானங்களை ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்கக்கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்ததை மனமார வரவேற்கிறேன்.

நம் உப்புக் கஞ்சிக்கும் இதே கணக்குதான். அரிசி மாவுச்சத்து மெல்ல உடைந்து குளுக்கோஸாவதால் அடர்த்தி ஏறாது. உப்பு போடாவிட்டால் பாதிப் பயன்தான். வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ்.ராமகிருஷ்ணா குழு, சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தது. பெருங்குடலும் உப்பையும் நீரையும் மீட்டெடுக்க, பேதியின் அளவே குறைந்தது. 2000-இல் அந்த ஆய்வு வெளியானது. வீட்டில் கவனிக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் அச்சிட்ட தண்ணீர் அளவு. 1 லிட்டருக்கான பொடியை ஒரு டம்ளரில் கரைத்தால், அது குடலிலிருந்து நீரை உடம்புக்குள் சேர்க்காது. குடலுக்குள் நீரைக் கொட்டவைக்கும்.