மார்கழியில் ரிஜிஸ்டர், தையில் தாலி

அமெரிக்காவில் பெண்ணோ பேத்தியோ உள்ள வாசகிகளுக்கு ஒரு விஷயம். மார்கழியில் நாம் கல்யாணம் செய்வதில்லை. ஆனால் அங்கே இன்ஷூரன்ஸ், குடித்தனம் என்று ஏதோ காரணத்துக்காகச் சிலர் டிசம்பரிலேயே ரிஜிஸ்டர் செய்துகொண்டு, தையில் சென்னைக்கு வந்து தாலி கட்டிக்கொள்கிறார்கள். "முகூர்த்தம் தையில்தானே!" என்று பெரியவர்கள் இருந்துவிடுகிறார்கள். வரி ஆபீஸுக்கோ பஞ்சாங்கம் தெரியாது. டிசம்பர் 31 அன்று சட்டப்படி தம்பதி என்றால், அந்த வருஷம் பூராவுமே தம்பதிதான்!

ஓர் உதாரணம் பாருங்கள். பெண்ணுக்கு 22 வயது, காலேஜில் நான்காம் வருஷம். சம்பாத்தியம் கிடையாது, பிறந்த வீட்டில்தான் வாசம், செலவெல்லாம் அப்பாவுடையது. மாப்பிள்ளைக்கு வருஷச் சம்பளம் 80,000 டாலர். 2025-ஆம் வருஷ டிசம்பரில் ரிஜிஸ்டர் ஆகிறது.

அப்பா வழக்கம்போல, "இவள் என் ஆதரவில் இருப்பவள்" என்று தம் கணக்கில் எழுதப் பேனாவை எடுக்கிறார். எழுதலாமா? முழுநேர மாணவியானால், 24 வயது நிறையாத வரையில் எழுதலாம். கழுத்தில் தாலி ஏறியதால் மட்டும் அந்த உரிமை போய்விடாது. ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து கூட்டுக் கணக்குக் கொடுத்தால் போயிற்று!

இங்கேதான் சம்பந்திகளுக்குள் மனஸ்தாபம் முளைக்கிறது. "பீஸ் கட்டினது நான், சலுகை அவர்களுக்கா?" என்பார் பெண்ணின் அப்பா. கோபத்தை விட்டுக் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம்.

மாப்பிள்ளை தனிக் கணக்குக் கொடுத்தால் 2025-க்கு மத்திய வரி சுமார் 9,049 டாலர். கூட்டுக் கணக்கானால் 5,343. மிச்சம் 3,706. அப்பாவுக்கோ, பெண்ணைக் காட்டினால் 500 டாலர் கழிவு. காலேஜ் படிப்புக்காக அதிகபட்சம் 2,500. ஆக 3,000. வேடிக்கை என்னவென்றால், அப்பா அவளைக் காட்டாவிட்டால் அந்த 2,500 வீணாவதில்லை. பீஸை அப்பாவே கட்டியிருந்தாலும் கூட்டுக் கணக்கில் தம்பதிக்கு வந்துவிடும். மாப்பிள்ளை மாமனார் கையில் 3,000 டாலரைக் கொடுத்தாலும் அவர் பக்கம் 3,200 நிற்கும்! அப்பாவின் வருமானம் மிக அதிகமானால் படிப்புக் கழிவு அவருக்குக் கிடைக்கவே கிடைக்காது.

மாப்பிள்ளையும் மாணவராக இருந்து, பகுதி நேர வேலையில் சொற்பம் சம்பாதித்தால் கதை வேறு. இருவருக்கும் வரியே இல்லாமல், பிடித்த பணத்தைத் திரும்பப் பெற மட்டும் கூட்டுக் கணக்குக் கொடுத்தால், அப்பா பெண்ணைத் தாராளமாகக் காட்டலாம்.

பெண்ணின் அப்பா பிப்ரவரியிலேயே கணக்கை அனுப்பிவிடும் சுறுசுறுப்புக்காரரா? அதற்கு முன் இரு வீட்டாரும் டெலிபோனில் பேசிவிடுவது நல்லது. தனிக் கணக்குக் கொடுத்தவர்கள் பிறகு மூன்று வருஷத்துக்குள் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். கூட்டுக் கணக்கைக் கொடுத்துவிட்டு, ஏப்ரல் 15 கெடு தாண்டியபின் தனியாகப் பிரிக்க முடியாது.