பாய் விரித்தவர்கள் – 9: தூங்குகிறவரை எப்போது எழுப்புவது?

போன வாரம் இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகான தாரிணியை நியூசிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம் கயிற்றை அவிழ்த்தாக வேண்டும். 2025 ஜனவரி முதல் வாரம். அடுத்த கரை, தென் அட்லாண்டிக்கில் ஃபாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி. சுமார் 5,600 கடல் மைல். கோவாவில் தொடங்கி உலகைச் சுற்றி கோவாவிலேயே முடியும் பயணத்தின் ஐந்து கட்டங்களில் இதுதான் நீளமானது. படகில் இரண்டே பேர்: கோழிக்கோட்டுக்காரரான லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, புதுச்சேரிக்காரரான லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி.

இதே 56 அடிப் படகில்தான் 2017-18இல் கடற்படைப் பெண்கள் ஆறு பேர் உலகைச் சுற்றிவந்தார்கள். படகு அதே படகு, பாய்களும் அதே அளவு. ஆள் மட்டும் மூன்றில் ஒரு பங்கு. ஆறு பேர் இருந்தால் முறை போட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்கூடச் சமாளிக்கலாம். இரண்டு பேர் என்றால் ஒருவர் தூங்க இன்னொருவர் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. "எட்டு மாசம் ஒரே படகில் ரெண்டு பேரா, சண்டை வராதா?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. சண்டை போட இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே!

கடல் பயணம் என்றதும் நமக்குச் சினிமா அலைதான் ஞாபகம் வருகிறது. என்னைக் கேட்டால், சின்னக் குழுவின் கதை அலையில் இல்லை, தூக்கத்தில் இருக்கிறது. தமிழில் படுக்கவும் பாய், படகு ஓட்டவும் பாய். இரட்டையர் படகில் இந்த இரண்டு பாய்க்கும் இடையில்தான் இழுபறி.

இருவர் ஓட்டும் படகுகளில் சாதாரணமாக மூன்று மணி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு வாட்ச், அதாவது விழித்திருந்து படகைப் பார்த்துக்கொள்ளும் முறை, என்று பிரித்துக்கொள்வார்கள். வாட்ச் முடிந்து கீழே இறங்கியவர் உடனே தூங்கிவிட முடியாது. அடுக்கடுக்காகப் போட்ட ஈர உடுப்பைக் கழற்ற வேண்டும், சூடாக ஏதாவது வயிற்றுக்குள் தள்ள வேண்டும், வானிலைத் தகவலைப் பார்க்க வேண்டும். படுக்கையின் பக்கவாட்டில் கெட்டித் துணி ஒன்றை இழுத்துக் கட்டியிருப்பார்கள். நம் வீட்டு ஏணையைப் பாதியாக வெட்டி வைத்ததுபோல. படகு சாயும்போது தூங்குகிறவர் தரையில் விழாமல் அது தாங்கும். இவ்வளவும் போக, நான்கு மணி நேரத்தில் தூக்கமாகத் தேறுவது மூன்று இருந்தால் புண்ணியம்.

அந்த மூன்று மணி நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இரவு இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே தனியாக இருப்பவருக்குக் காற்று ஏறுவது தெரிகிறது. பதினைந்து நாட் (மணிக்குப் பதினைந்து கடல் மைல்) காற்று முப்பதானால் பாயின் மீது விழும் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. பெரிய பாயை இறக்கிச் சுருக்க வேண்டும். ஒருவரே செய்துவிடலாம், ஆனால் ஆபத்து. எழுப்பலாம் என்றால், கீழே படுத்தவர் கண் மூடி இருபது நிமிடம்தான் ஆகிறது. எழுப்பிவிட்டுக் காற்று அடங்கிப்போனால் ஒருவருடைய தூக்கம் வீண். அடுத்த வாட்ச்சில் அவர் தடுமாறுவார். எழுப்பாமல் விட்டுக் காற்று அடங்காமல் போனால் பாய் கிழியும், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது நடக்கும். பழைய மாலுமிகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: பாயைச் சுருக்கலாமா என்று முதல்முறை தோன்றும்போதே சுருக்கிவிடு. அரைத்தூக்கத்தில் இருக்கும் மூளை சொல்வதோ, "இன்னும் பத்து நிமிஷம் பார்க்கலாம்."

அந்த 'மோசமான ஏதாவது' என்ன என்பதற்கு ஒரு கணக்கு. எட்டு நாட் வேகத்தில் போகும் படகு ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 250 மீட்டர் நகர்ந்துவிடும். மேலே இருப்பவர் தவறி விழுந்தால், கீழே இருப்பவர் அலறல் கேட்டு எழுந்து படியேறுவதற்குள் அந்த ஒரு நிமிடம் போய்விடும். ஆறடி அலைக்கு நடுவே 250 மீட்டர் தள்ளி ஒரு தலையைத் தேட வேண்டும். பாய் விரித்த படகை நினைத்த மாத்திரத்தில் திருப்பவும் முடியாது. வழியில் வரும் தென் அமெரிக்காவின் தென்கோடி முனையான கேப் ஹார்ன் பக்கம் கோடையிலும் கடல்நீரின் வெப்பம் ஒற்றை இலக்கத்தில்தான். எனவே வாட்ச்சில் இருப்பவர் படகோடு கயிற்றால் பிணைக்கப்பட்டே இருப்பார். இது வீரத்தைக் குறைக்கும் காரியம் என்று நினைப்பவர்கள் கரையிலேயே இருப்பது நல்லது.

லிட்டல்டனைவிட்டுக் கிழக்கே போனால் தேதிக்கோடு வரும். அதைக் கடந்ததும் நேற்றைய தேதியே மறுபடி வருகிறது. கூடுதலாக ஒரு நாள் கிடைத்ததே என்று தூக்கத்தை நீட்ட முடியாது. கடிகாரத்தின்படி வாட்ச் மாறிக்கொண்டே இருக்கும்.

ஜனவரி 30ஆம் தேதி தாரிணி பாயிண்ட் நெமோவைக் கடந்தது. பூமியில் கரையிலிருந்து மிகத் தொலைவான இடம் அது. எந்தத் திசையில் போனாலும் அருகிலுள்ள நிலம் 2,688 கிலோமீட்டர். அதுவும் ஆளில்லாத குட்டித் தீவுகள். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விண்வெளி நிலையம் தலைக்குமேல் வரும்போது, பக்கத்து வீட்டுக்காரர்கள் விண்வெளி வீரர்கள்தான். 1992இல் ஹர்வோயே லுகாடெலா என்ற நில அளவைப் பொறியாளர் கணினியில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த புள்ளி இது. ழூல் வெர்னின் நாவலில் வரும் கேப்டன் நெமோவின் பெயரில்தான் அதை அழைக்கிறார்கள். லத்தீனில் நெமோ என்றால் 'யாருமில்லை'. அந்த நெமோ யார் என்பதை வெர்ன் பிறகு 'மர்மத் தீவு' நாவலில் போட்டு உடைத்தார்: பண்டேல்கண்டின் இளவரசர் டக்கார், திப்பு சுல்தானுக்கு உறவு. இந்தியக் கதாபாத்திரத்தின் பெயர் கொண்ட இடத்தை இரண்டு இந்தியப் பெண்கள் பாய்மரத்தில் கடந்ததைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்கலாம். சேர்ப்பார்களா என்பது வேறு.

அங்கிருந்து தெற்கே இறங்கி கேப் ஹார்ன். 56ஆவது தென் அட்சரேகையை ஒட்டிய முனை. மேற்குக் காற்று உலகைச் சுற்றி ஓடும் வழியில் குறுக்கே நிலம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே உள்ள டிரேக் நீரிணையில் மட்டும் காற்றும் நீரும் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகின்றன. பிப்ரவரி மத்தியில் தாரிணி முனையைக் கடந்தபோது மழை, 40 நாட் காற்று, ஐந்து மீட்டருக்கு மேல் அலை. அந்த வட்டாரத்துக்கு இது பெரிய கோபம் இல்லை.

ஹார்னிலிருந்து போர்ட் ஸ்டான்லிக்கு இன்னும் நானூறு கடல் மைலுக்கு மேல். பிப்ரவரி மூன்றாம் வாரம் தாரிணி அங்கே கயிறு கட்டியது. லிட்டல்டனைவிட்டு ஆறு வாரத்துக்குப் பிறகு, இருவரும் ஒரே நேரத்தில் தூங்குவதற்கு வாய்ப்பு வந்தது அன்றுதான்.

(தொடரும்)