கொட்டகைக்குள் ஒரு பந்தய வண்டி

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள பங்கு ஒன்றிற்குச் சென்ற மாதம் நாம் சென்றிருந்தோம். ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில் ஒரு தாயார் நம்மை அணுகினார். கணவர் இரண்டடி தள்ளி, பேச விரும்பாதவர்போல் நின்றார்.

“ஐயா, எங்கள் பிள்ளைக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்கள். பாலிடெக்னிக் முடித்து ஓர் ஆண்டு ஆகிறது. வேலைக்குப் போகாமல் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் இரும்பை அறுத்துக்கொண்டிருக்கிறான். பந்தயக் கார் கட்டப் போகிறானாம். போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பையனைப் புதைத்தோம். இரவில் பைபாஸ் சாலையில் பந்தயம் கட்டி மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் அவன். என் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்.”

அப்போதுதான் தந்தை வாய் திறந்தார்: “முப்பது வருடம் ஜீப்புக்கு அடியில் படுத்தே காலத்தைக் கழித்தேன். இந்தக் கைக்கறை என்னோடு போகட்டும் என்றுதான் அவனைப் படிக்க வைத்தேன்.”

தாய்க்குப் பிள்ளையின் உயிர் பற்றிய அச்சம். தந்தைக்குத் தம் உழைப்பு வீணாயிற்றே என்ற வேதனை. இரண்டும் நியாயமானவை. எனவே அன்று மாலை நாம் அந்தக் கொட்டகைக்குச் சென்றோம்.

திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய தகரக் கொட்டகை அது. உள்ளே சதுரக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடு ஒன்று, பாதி முடிந்த கட்டில்போல் கிடந்தது. சுவரில் ஆரஞ்சும் பச்சையும் கலந்த கார் ஒன்றின் படம். அதன்மேல் 55 என்ற எண். அதைக் காட்டி இளைஞன் சொன்னான்: “இதில் இருப்பது ரோட்டரி எஞ்சின், ஐயா. என் வண்டிக்கும் அதுதான் வேண்டும்.”

ஆட்டுக்கல்லும் குழவியும்

ரோட்டரி எஞ்சின் எனப்படும் சுழல் இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது? சாதாரண கார் இயந்திரத்தில் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது; அந்த ஓட்டத்தைத் தண்டும் அச்சும் சுழற்சியாக மாற்றுகின்றன. சுழல் இயந்திரத்தில் பிஸ்டன் இல்லை, வால்வுகளும் இல்லை. நம் வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். குழவி தானும் சுழன்று, குழியையும் சுற்றி வருகிறது அல்லவா? அதுபோலவே, பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோண வடிவச் சுழலி ஒன்று, நடுவில் இடை சிறுத்த நிலக்கடலைத் தோடு போன்ற கூட்டுக்குள் சுழன்றபடியே சுற்றி வருகிறது.

சுழலியின் மூன்று முனைகளும் எப்போதும் கூட்டின் சுவரைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் மூன்று அறைகள் உண்டாகின்றன. சுழலி நகர நகர ஒவ்வோர் அறையும் பெருத்துச் சிறுத்து, எரிபொருட்கலவையை உள்ளிழுத்தல், அழுத்துதல், எரித்தல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கு வேலைகளையும் செய்து முடிக்கிறது. சுழலி ஒரு முறை சுழன்றால் மைய அச்சு மூன்று முறை சுழலும். உருவம் சிறிது, எடை குறைவு, அதிர்வு குறைவு, வேகமோ மிகுதி. வெளிநாடுகளில் வீட்டுப் பட்டறைகளில் பந்தய வண்டி கட்டுவோர் இதை விரும்புவது இதனால்தான். மாஸ்தா நிறுவனத்தின் 13பி என்னும் இயந்திரத்தில் ஒவ்வொன்றும் 654 கன சென்டிமீட்டர் கொண்ட இரு சுழலிகள் உண்டு.

ஆனால், எல்லாப் பொருளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. இதன் பலவீனம் அந்த மூன்று முனைகளே. அங்குள்ள சிறு அடைப்புத் தகடுகள் தேய்ந்துவிட்டால் அறைகள் கசியும், இயந்திரம் பலமிழக்கும். எரிபொருளும் எண்ணெயும் அதிகம் செலவாகும், வெப்பமும் மிகுதி.

பட்டமில்லாத பொறியாளர்

இதைக் கண்டுபிடித்தவர் 1902இல் ஜெர்மனியில் பிறந்த பெலிக்ஸ் வாங்கெல். தந்தை முதல் உலகப் போரில் மாண்டார். கல்லூரிக்கு அனுப்பத் தாயிடம் பணமில்லை. ஹைடல்பர்க் நகரில் புத்தகப் பதிப்பகம் ஒன்றில் பணிபுரிந்துகொண்டே, 1924இல் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினார். பொறியியல் பட்டம் அவருக்கு இல்லை. கடுமையான கிட்டப்பார்வையால் கார் ஓட்டும் உரிமமும் இல்லை! ஹிட்லரின் கட்சியில் சேர்ந்திருந்த கறை அவர் வாழ்வில் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவருடைய கைத்திறனும் விடாமுயற்சியும் மெய்யானவை. முதல் காப்புரிமை பெற்றது 1929இல். மாதிரி இயந்திரம் முதன்முதலாக ஓடியதோ 1957இல். இடையில் கடந்தவை 28 ஆண்டுகள்!

என்.எஸ்.யு. என்ற ஜெர்மானிய நிறுவனம் 1964இல் இந்த இயந்திரத்துடன் முதல் காரை விற்றது. 1967இல் வெளியிட்ட ‘ரோ 80’ என்னும் அழகிய கார் பாராட்டைப் பெற்றும், முனைத் தகடுகள் விரைவில் தேய்ந்ததால் வாடிக்கையாளர் கோபத்துக்கு ஆளாயிற்று. அந்நிறுவனம் 1969இல் வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது.

அணுகுண்டால் அழிந்து மீண்டெழுந்த ஹிரோஷிமா நகரில் இதே இடர்ப்பாட்டோடு மல்லுக்கட்டினர் மாஸ்தா கார் செய்யும் தோயோ கோக்யோ நிறுவனத்தார். கெனிச்சி யமமோத்தோ என்ற பொறியாளரின் தலைமையில் 47 பேர் இரவு பகலாக உழைத்தனர். கூட்டின் உட்சுவரில் விழுந்த கீறல்களைப் ‘பேயின் நகக்கீறல்’ என்று அழைத்தனராம். தகட்டின் பொருளையும் வடிவையும் மாற்றி மாற்றிச் சோதித்து, 1967இல் ‘காஸ்மோ’ என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அந்த வழியில் வந்ததுதான் கொட்டகைச் சுவரிலிருந்த 787பி என்ற வண்டி. 1991 ஜூன் மாதம் பிரான்சு நாட்டின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 362 சுற்றுகள் ஓடி அது வென்றது. ஜப்பானியக் கார் ஒன்று அங்கு வென்றது அதுவே முதல் முறை.

இவற்றையெல்லாம் அந்த இளைஞன் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தான். எனவே நாம் ஒன்றே ஒன்று கேட்டோம்: “தம்பி, அந்த எஞ்சின் உனக்கு எங்கே கிடைக்கும்?” இந்தியாவில் சுழல் இயந்திரக் கார் எக்காலத்திலும் உற்பத்தி செய்யப்பட்டதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும், தேய்ந்த தகட்டை மாற்றக் கம்பத்திலோ தேனியிலோ உதிரிப்பாகம் ஏது? அவன் தலை குனிந்தான். “அதுதான் தெரியவில்லை, ஐயா.”

கோவை காட்டிய வழி

அப்போது நாம் அவனுக்கு நம் நாட்டுக் கதை ஒன்றைக் கூறினோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அங்கே பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடத்தினர். வெளிநாட்டுக் கார்கள் எளிதில் கிடைக்காத காலம் அது. ஆர்வலர்கள் பியட், ஹெரால்டு, அம்பாசிடர் போன்ற வண்டிகளைத் தங்கள் பட்டறைகளிலேயே பிரித்து, எடை குறைத்து, இயந்திரத்தைச் செப்பனிட்டுப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தனர்.

அவர்களுள் ஒருவர் கோவை கரிவர்தன். செல்வக் குடும்பத்தில் பிறந்தவராயினும் பட்டறையில் கை அழுக்காகத் தயங்காதவர். உலகின் உயர்ந்த இயந்திரத்துக்காக அவர் காத்திருக்கவில்லை. ஊர்தோறும் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800 காரின் இயந்திரத்தை எடுத்துக்கொண்டார். கொள்ளளவு 796 கன சென்டிமீட்டரே. அதைச் சுற்றி ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை வடிவமைத்தார். 1988இல் உருவான அந்த ‘பார்முலா மாருதி’ வண்டியால் அதிகப் பணமில்லாத இளைஞரும் பந்தயத்தில் இறங்க முடிந்தது. அவ்வண்டியில் பயின்றவர்களுள் ஒருவர்தாம் 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயன். கரிவர்தன் 1995இல் சிறு விமான விபத்தொன்றில் காலமானார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003 முதல் இயங்கும் பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வேகம் எங்கே, எதற்கு?

வேகத்தின்மேல் ஆசை நம் பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. திருவிழாக் காலங்களில் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயங்களைக் காணாதவர் நம்முள் யார்? பெரிய மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பிரிவு பிரிவாக வண்டிகள் பறக்கையில் முதியவர்களும் துள்ளுகிறார்கள். ஆனால், அப்பந்தயத்துக்கு நாள் உண்டு, எல்லை உண்டு, நடுவர் உண்டு. சாலையோரம் நிற்பவர்களுக்கும் வண்டி வருவது தெரியும்.

பைபாஸ் சாலையில் நள்ளிரவில் ஓட்டப்படும் பந்தயத்துக்கு இவற்றுள் எதுவும் இல்லை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலையை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களைச் சுமந்து ஜீப்புகள் ஏறும் சாலை அது. அங்கு ஒருவன் தன் திறமையைக் காட்டப் புறப்பட்டால், பணயம் வைப்பது தன் உயிரை மட்டுமன்று. கூலி வாங்கிக்கொண்டு பிள்ளைகளிடம் திரும்ப வேண்டிய தாய்மாரின் உயிரையும்தான். திருச்சபை 2007இல் சாலைப் பயணிகளுக்கென வெளியிட்ட வழிகாட்டு ஏட்டில் பத்துக் கட்டளைகளைத் தந்தது. கொலை செய்யாதிருப்பதே அவற்றுள் முதலாவது. வாகனத்தை அதிகாரச் செருக்கின் அடையாளமாக ஆக்கலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று.

நாட்டுச் சட்டமும் தெளிவாக உள்ளது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். வீட்டில் கட்டிய வண்டியை உரிய சோதனைச் சான்று இன்றிப் பதிவு செய்து சாலையில் ஓட்ட இயலாது. 2019இல் செய்த திருத்தத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோரோ பாதுகாவலரோ மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் பெற நேரிடும். பிள்ளை கேட்கிறானே என்று வண்டிச் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் இதை மறக்கலாகாது.

ஆகவே, இத்தகைய ஆசையுள்ள பிள்ளைக்கு மூன்று எல்லைகளைப் பெற்றோர் வகுக்க வேண்டும் என்பது நம் எண்ணம். முதலாவது, அவ்வண்டி பந்தயத் தளத்தில் மட்டுமே ஓட வேண்டும். முறையான உரிமமும், தலைக்கவசமும், தீ தாங்கும் உடையும் இன்றி அங்கும் ஓடலாகாது. இரண்டாவது, வேகத்துக்கு முன் பிரேக். இயந்திரத்துக்கு முன் ஓட்டுநரைக் காக்கும் கூடு. கவிழ்ந்தால் தாங்கும் வளையமும், இயந்திரத்துக்கும் இருக்கைக்கும் இடையே நெருப்புத் தடுப்பும் இல்லாத வண்டி நகரவே கூடாது. மூன்றாவது, தனியாகச் செய்யாமல் அறிந்தவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும். இன்று பொறியியல் மாணவர் குழுக்கள் தாமே வண்டி கட்டிப் போட்டியிடும் பாஹா, சுப்ரா, பார்முலா பாரத் போன்ற போட்டிகள் உள்ளன. அங்கே ஓடுவதற்கு முன் ஒவ்வொரு வண்டியையும் வல்லுநர்கள் சோதிக்கின்றனர். போடிநாயக்கனூரிலேயே 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இயங்குகிறது; பாலிடெக்னிக் முடித்தவர் மேற்கொண்டு படிக்கவும் வழியுண்டு.

இவற்றை நாம் சொல்லிக்கொண்டிருக்கையில், அதுவரை வாசலிலேயே நின்ற தந்தை மெல்ல உள்ளே வந்தார். கூட்டின் ஒரு மூலையில் குனிந்து, கட்டை விரலால் ஒரு பற்றைத் தடவிப் பார்த்தார். சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். பற்று விட்டுப்போயிற்று.

“இந்த வெல்டிங் நிற்காதுடா. மேலே பூசினதுபோல் இருக்கிறது. உள்ளே உருகிப் பிடிக்கவில்லை. வளைவில் திரும்பும்போது விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?”

மகன் ஒன்றும் பேசவில்லை. தந்தை சட்டைக் கையை மடித்துக்கொண்டார். “கம்பியை எடு, காட்டுகிறேன். எஞ்சினும் இப்போது வேண்டாம். பட்டறையில் பழைய மாருதி எஞ்சின் ஒன்று கிடக்கிறது. முதலில் அதைப் பிரித்துச் சேர்க்கக் கற்றுக்கொள். வேலைக்கு விண்ணப்பமும் போடு; இது மாலை நேரத்துக்கு.”

தம் கைக்கறை தம்மோடு போகட்டும் என்று காலையில் சொன்னவர் அவர். மாலையில் அதே கையைப் பிள்ளையின் கைமேல் வைத்துப் பற்றவைக்கும் கோலைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். நாசரேத்தூர்த் தச்சுப் பட்டறையில் வளர்ந்தவரை ஆண்டவர் என்று வழிபடுகிற நாம், உழைப்பின் கறையைக் கண்டு நாணுவது முறையாகுமா?

பெற்றோரே, பிள்ளையின் ஆசை உங்களுக்கு அச்சமூட்டினால் அதை அணைக்க விரையாதீர்கள், கவனியாமலும் விட்டுவிடாதீர்கள். கொட்டகைக் கதவைத் திறந்து உள்ளே செல்லுங்கள். நீங்கள் கண்டறிந்து தட்டிப் பார்க்க வேண்டிய பற்று ஒன்று அங்கே இருக்கக்கூடும். நாம் விடைபெற்றபோது அந்தத் தாயார் கொட்டகை வாசலில் இரண்டு குவளைத் தேநீரோடு நின்றார். அச்சம் முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால், பிள்ளை இப்போது தனியாக இல்லை என்பதை அவர் கண்டுகொண்டார்.